நம்ம ஆள் விலை

மலாக்கா நகரை ஒட்டிய பத்து பெரண்டாமில் சுகுமாரனின் விளையாட்டுச் சாமான் கடையில் எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு கிடையாது. விலை ஒட்டிய பொருள் வாயைக் கட்டிய கிளி; அதை வைத்துக்கொண்டு வியாபாரி என்னத்தைப் பேசுவது என்பது அவர் கட்சி. உள்ளே வருகிறவரின் செருப்பை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை. அதற்குள் விலை தயாராகிவிடும்.

அதிலும் இரண்டு உண்டு. ஒன்று கடை விலை. மற்றது நம்ம ஆள் விலை. இரண்டாவதைச் சொல்லும்போது கடையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சுகுமாரன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "நம்ம ஆளுங்கிறதால சொல்றேன். வெளிய சொல்லிறாதீங்க." அந்த விலையிலும் அவருக்கு லாபம் உண்டு என்பது வேறு விஷயம். வாங்குகிறவர் பந்தை மட்டுமா எடுத்துப் போகிறார்? தானும் இவருக்கு வேண்டிய ஆள் என்ற நினைப்பையும் சேர்த்தல்லவா எடுத்துப் போகிறார். அந்தச் சரக்குக்கு அடக்க விலையே கிடையாது.

அதே போல் அடக்க விலை இல்லாத இன்னொரு சரக்கும் கடையில் இருந்தது. அது சுகுமாரனின் கதை. நாட்டுக் கால்பந்து அணியில் புதிதாகக் குடியுரிமை வாங்கிய ஆட்டக்காரர்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், கதை அலமாரியிலிருந்து இறங்கிவிடும். வாலிபத்தில் அவர் மாநில அணித் தேர்வுக்குப் போனார். இரண்டு கோல் போட்டார். ஆட்டம் முடிந்ததும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "அசால் மானா?" என்றார். பூர்வீகம் எது?

"மலாக்கா."

"அது சரி. அதுக்கு முன்னால?"

பட்டியலில் பெயர் வரவில்லை. "நாலு தலமொறயா இங்க இருக்கோம். என்னப் பாத்துக் கேக்குறான், அதுக்கு முன்னாலயாம்" என்று சுகுமாரன் முடிப்பார். அந்த வருத்தம் நிஜம்.

பக்கத்துத் துணிக்கடை அப்துல் ஹமீது இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே நரைத்தவர். "போன தீவாளிக்கு ஒரு கோலு. இப்ப ரெண்டா சுகு? துணிய நனைச்சா சுருங்குது, ஒன் கத மட்டும் நனைய நனைய நீளுதே" என்பார். சுகுமாரன் கண்டுகொள்ள மாட்டார். அன்றைக்கு அவருடைய இடது கால் நிற்பதற்கு மட்டுமே உதவியது என்பதைக் கதையில் சேர்ப்பதில்லை. இன்னொன்றையும் சேர்ப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் கடையில் பேரம் பேசுவதில் கெட்டிக்காரி ஜெயா. பக்கத்து ஊரான டுரியான் துங்கால்காரி. செங் தொழிற்பேட்டையில் வேலை. புருஷன் சுரேந்திரா நேப்பாளத்திலிருந்து அதே பேட்டைக்குக் காவல் வேலைக்கு வந்தவர். ஜெயாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். படம் பார்த்தே தமிழ் பழகிய மனுஷன். பேரம் மட்டும் அவருக்கு வராது. அந்தத் துறையை ஜெயா வைத்துக்கொண்டாள். ஒரே மகன் ரோஷன் பந்தைக் காலில் வாங்கினான் என்றால் எதிரணிப் பிள்ளைகள் சாமியைக் கூப்பிடுவார்கள்.

தீபாவளிக் கிண்ண இறுதியாட்டத்துக்கு முந்திய வாரம் ஜெயா கடைக்கு வந்து, மகன் பந்தாடப் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி நீலநிற பூட்டைக் கையில் எடுத்தாள். விலையைக் கேட்டாள். கேட்டதும் திரும்ப வைத்தாள்.

"இதுக்கு நா டவுனுக்கே போயிருவேன்ணே."

"போயேன். அங்க வாங்குற பூட்டு தீவாளி முடியறதுக்குள்ள வாயப் பொளக்கும். அப்ப இங்கதான வரணும்."

"நம்ம ஆளுக்கே இப்படியா?"

"நம்ம ஆளுங்கிறதாலதான் இந்த வெல. மத்தவங்களுக்குச் சொல்ற வெலயக் கேட்டா நீ மயங்கி விழுந்துருவ."

"எங்க, அந்த வெலயத்தான் சொல்லுங்க. விழுறனா பாப்போம்."

"அது ஒனக்கு எதுக்கு ஜெயா? அது வேற ஆளுங்களுக்கு."

அவள் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். சுகுமாரன் பூட்டைப் பெட்டியில் போட்டு, மேலே 'ஜெயா' என்று எழுதி உள்ளே வைத்தார்.

இறுதியாட்டம் டுரியான் துங்கால் திடலில் நடந்தது. பத்து பெரண்டாம் அணிக்கு சுகுமாரன்தான் மேனேஜர். அவர் மகன் யுவனேஸ்வரன்தான் முன்னணி ஆட்டக்காரன். எதிரில் உள்ளூர் அணி, அதில் ஒன்பதாம் நம்பர் ரோஷன். இரண்டு அணி ஜெர்சியும் சுகுமாரன் கடையில் அடித்தவைதான். அன்றைக்கு அவருக்குக் கிண்ணம்கூடப் பெரிதில்லை. மாநில இளையோர் அணிப் பயிற்சியாளரைக் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்து பந்தலில் உட்கார வைத்திருந்தார். தான் நுழைய முடியாத வாசலில் யுவன் நுழைய வேண்டும். அதற்குப் பயிற்சியாளரின் கண் யுவன்மேல் விழ வேண்டும்.

கண் விழுந்தது. ஆனால் யுவன்மேல் அல்ல. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் ரோஷன் மூன்று பேரைச் சுற்றிப்போட்டு ஒரு கோல் அடித்தான். அதன்பிறகு பந்து எங்கே இருந்தாலும் பயிற்சியாளரின் பார்வை ஒன்பதாம் நம்பரோடுதான் ஓடியது. கூட்டத்தில் இருந்த பத்து பெரண்டாம் இளவட்டங்கள், "டேய் கூர்க்கா, போய் கேட்டத் தொறடா" என்று கத்தினார்கள். ரோஷன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடினான்.

இடைவேளையில் சுகுமாரன் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் மருதமுத்துவின் மேசைக்குப் போனார். பந்தலில் தொங்கிய பேனரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்கள் மட்டும். பேனரும் அவர் அடித்துக் கொடுத்ததுதான். அந்த வரியை அவரே அன்றுவரை படித்ததில்லை.

"தலைவரே, ஒரு ஆட்சேபம். ஒம்பதாம் நம்பரு."

மருதமுத்து வாயில் போட்ட வடையை மெல்லாமல் நிறுத்தினார். "நம்ம ஜெயா மவன்யா."

"அம்மாவ வச்சா வம்சாவளி பாக்குறது? அப்பன் யாருன்னு ஊருக்கே தெரியும். நா தப்பாச் சொல்லல, சட்டத்தச் சொல்றேன். நாளைக்கு வங்காளதேசத்துக்காரன், மியன்மார்க்காரன்னு எல்லாரும் வந்து நிப்பான். அப்பறம் நம்ம கிண்ணம்னு எதுக்குப் பேரு?"

"லீக் முழுக்க ஆடுனானேய்யா. அப்பல்லாம் ஏன் வாய தொறக்கல?"

"இப்பத்தான் தொறக்குறேன். கூப்பிட்டுக் கேளுங்க. இல்ல, நானே கேக்குறேன்."

ரோஷன் தண்ணீர் போத்தலோடு வந்தான். பின்னால் இரண்டு அணியும் வந்தது. ஊரும் வந்தது. வேலிக்கு வெளியே சுரேந்திரா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் சுகுமாரன். கடையில் அளவு கேட்கிற அதே இனிப்பான குரல்.

"டுரியான் துங்கால் அங்கிள். ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"அது சரி. அதுக்கு முன்னால?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவர் காதுக்கு எட்டியது. சொல் மட்டுமல்ல, இழுப்பும் அதே இழுப்பு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் இத்தனை வருஷமும் தன் தொண்டைக்குள் சம்மணம் போட்டு இருந்திருக்கிறார் போலும் என்று சுகுமாரனுக்குத் தோன்றியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சந்தையில் வளர்ந்த நாக்கு. நாலு பேர் முன்னால் ஒரு விலை சொல்லிவிட்டால் இறங்கத் தெரியாது.

"முன்னாலயும் இதே ஊருதான் அங்கிள். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரில பொறந்தேன்" என்றான் ரோஷன்.

"ஒன்னக் கேக்கலப்பா. ஒங்கப்பன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ரோஷனும் சிரித்தான். என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பை அவன் இறக்கி வைக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

மருதமுத்து வடையை விழுங்கினார். "பிரச்சின வேணாம்பா. செகண்ட் ஹாப் மட்டும் ஒக்காந்துக்க. பொறவு பேசிக்கலாம்."

ரோஷன் ஜெர்சியைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தான். மேலே தெரிந்த அவன் பெயர் சுகுமாரன் தன் கையால் ஒட்டியது. வேலியோரம் போய் அப்பாவிடமிருந்து பையை வாங்கிக்கொண்டான். திடலை விட்டுப் போகும்போது சுரேந்திரா எதிரே நின்ற சுகுமாரனைப் பார்த்தார். வலது கை தானாக நெற்றிக்கு உயர்ந்தது. வாசலில் நின்று பழகிய கை. எந்தக் கார் வந்தாலும் அப்படித்தான் உயரும்.

இரண்டாம் பாதியில் யுவன் இரண்டு கோல் போட்டான். கிண்ணம் வந்தது. சுகுமாரன் மகனின் தோளில் கைபோட்டு அவனைப் பந்தலுக்கு அழைத்துப் போனார்.

பயிற்சியாளர் மலாய்க்காரர். யுவனிடம் கை குலுக்கினார். "நன்றாக ஆடினாய்" என்று மலாயில் சொல்லிவிட்டு, "அந்த ஒன்பதாம் நம்பர் எங்கே? காயமா?" என்றார்.

"இல்ல கோச். சின்னப் பிரச்சின" என்று சுகுமாரன் தானும் மலாயில் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "அவன் ஓராங் கித்தா இல்ல. நம்ம ஆள் இல்ல."

"யாருடைய ஆள்?"

பயிற்சியாளரின் முகத்தில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. கணக்கு புரியாதவரின் முகம். யுவன்தான் கைப்பேசியை எடுத்தான். "அவன் நம்பர் என்கிட்ட இருக்கு கோச். எழுதிக்குங்க" என்றவன், தன் நம்பரை அதற்குப் பிறகுதான் சொன்னான்.

கார் பத்து பெரண்டாம் வருகிறவரை கிண்ணம் பின்சீட்டில் தனியாக உருண்டுகொண்டு வந்தது. விமான நிலையத்தைத் தாண்டும்போது யுவன் கேட்டான்.

"பா, அந்த ஆளு ஒங்ககிட்ட அசால் மானான்னு கேட்டப்ப நீங்க சிரிச்சீங்களா?"

"எதுக்குடா சிரிக்கப் போறேன்?"

யுவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதையில் சேர்க்காத இன்னொன்று அதுதான். சுகுமாரன் அன்றைக்குச் சிரித்தார். பல் தெரியச் சிரித்து, "இந்தியாலா, துவான்" என்று குனிந்து வேறு சொன்னார். இந்தியாதான், ஐயா. மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தபோது அவர்களோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அது நின்றது. இத்தனை காலம் ஊருக்கு அவமானத்தை விற்றவர், அந்தச் சிரிப்பை மட்டும் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார். அதே சிரிப்பை இன்றைக்கு ஒரு பிள்ளையின் முகத்தில் தானே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். பெயர் ஒட்டுகிற கைக்கு அது பெரிய வேலையாக இல்லை.

அடுத்த வாரம் கடையில் நாலு பேர் கூடி, வெளிநாட்டில் பிறந்தவனுக்கெல்லாம் நாட்டு ஜெர்சியா என்று சூடாகப் பேசினார்கள். அப்துல் ஹமீது வழக்கம் போல் எடுத்துக் கொடுத்தார். "சுகு, ஒன் கதய எடுத்து வுடேன்." சுகுமாரன் நேராகத்தான் இருந்த பந்துகளை நேராக்கினார். ஹமீது அவரையே பார்த்தார். டுரியான் துங்கால் செய்தி துணிக்கடைக்கும் வந்திருக்க வேண்டும். "சரி, சரக்கு தீந்துபோச்சு போல" என்றார்.

சம்பளம் போட்ட மறுநாள் ஜெயா வந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு கல்லாவுக்கு முன்னால் நின்றாள். ரோஷனுக்கும் தேர்வுக்கு அழைப்பு வந்திருப்பதை யுவன் வீட்டில் சொல்லியிருந்தான். சுகுமாரன் அவள் கேட்கும் முன்பே உள்ளே போய், பெயர் எழுதிய பெட்டியை எடுத்து வந்து வைத்தார்.

"பெராப்பா, போஸ்?" என்றாள் ஜெயா.

என்ன விலை முதலாளி. வழியில் போகிற யாரும் எந்தக் கடையிலும் கேட்கிற மலாய். அவள் முகம்கூட வழியில் போகிறவளின் முகமாகத்தான் இருந்தது.

"என்ன ஜெயா, புதுசா பேசற. ஒனக்குன்னு எடுத்து வச்சது. சும்மா கொண்டு போம்மா. தம்பிக்கு என் செலவு."

"சும்மா வாங்க நா யாரு போஸ் ஒங்களுக்கு?"

"ஜெயா, அன்னிக்கு நா பேசுனது…"

"அன்னிக்கு ஒரு வெலயச் சொல்ல மாட்டேன்னீங்க. மத்த ஆளுங்க வெல. அதச் சொல்லுங்க."

"அதெல்லாம் விடு. மொதல்ல பேசுன வெலதான்."

"அது நம்ம ஆளுக்கு." அவள் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பொய்யாக ஒரு சின்ன விலையைச் சொல்லிவிடலாம் என்று சுகுமாரனுக்குத் தோன்றியது. விலையில் பொய் சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. வாயைத் திறந்தார். ஆனால் இவளிடம் இன்னொரு கணக்கையும் மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்த விலையை, உள்ளதை உள்ளபடி, தரையைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு பெரிய தொகையாக அது இதற்கு முன்பு அவர் காதில் விழுந்ததே இல்லை.

ஜெயா ஒரு வெள்ளிகூடக் குறைத்துக் கேட்கவில்லை. நோட்டுகளை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். பெட்டியின் மேல் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தாள். பூட்டை மட்டும் வெளியே எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"தெரிமா காசே, போஸ்." நன்றியும் மலாயில்தான்.

மயங்கி விழுந்துவிடுவாய் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் நேராக நடந்து வெயிலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். கல்லாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தது சுகுமாரன்தான்.