பார்க்க வேண்டிய கை

என் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் பத்திரிகையில், டிவி சமையல் நிகழ்ச்சிகளைப் 'பார்க்கலாம்', 'தவிர்க்கலாம்' என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துப் போடுவார். கரண்டியைவிட வாய் அதிகம் ஆடினால் தவிர்க்கலாம். வாயில் வைக்கும் முன்பே கண்ணை மூடி "ஆகா" என்றால் கட்டாயம் தவிர்க்கலாம். தீர்ப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

மதிய நிகழ்ச்சி ஒன்றுக்கு மட்டும் மூன்று மாதமாக முதலிடம் கொடுத்துவந்தார். அதை நடத்துகிறவளை நிலையத்தில் எல்லோரும் சிரிப்பழகி என்பார்கள். அவளுக்கு வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது. முகம் அவளுடையது, நெருக்கத்தில் காட்டும் கைகள் என்னுடையவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்றாலும் ஆசையாகத்தான் செய்தேன். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 'டிவி நிலையத்தில் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எந்த நிகழ்ச்சிக்கு என்று அவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு இப்படி எழுதினார்: "அந்தக் கைகளில்தான் என்ன நிதானம்! வீட்டில் வெங்காயத்தை விறகு பிளப்பதுபோல் பிளக்கிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் இடது கட்டைவிரலில் ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. படப்பிடிப்புக்கு முன்பு ஒப்பனைக்கார அக்கா அதைப் பூசி மறைத்துவிடுவார். மறுநாள் அந்தப் பூச்சைக் கழுவிவிட்டு வெங்காயம் நறுக்கினேன். இயக்குநர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும். போனால் போகட்டும், இந்த மனுஷன் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

இயக்குநர் கவனிக்கவில்லை. ஒளிபரப்பான அன்று எனக்கு விடுமுறை. நோட்டும் பேனாவுமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்தார்.

"பாத்தியா! விரல்ல தழும்பு! இது அவ கையே இல்ல. வேற யாரோ சமைக்கறாங்க!"

"அப்படியா? யாரா இருக்கும்?"

"யாரா இருந்தா என்ன? மோசடி! இந்த வாரம் கிழிச்சுத் தொங்க விடப்போறேன். எல்லாப் பத்திரிகைக்காரனும் நம்ம வாசல்ல வந்து நிப்பான் பாரு. ஒரு டீ போடேன்."

எனக்கு அழுகை வந்தது. அது அச்சில் வந்தால் என் வேலை முடிந்தது என்பதற்காக மட்டும் இல்லை. டீ போட்டேன். விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தவரின் தாள்மேல், 'தழும்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே கோப்பையை வைத்தேன். கட்டைவிரலை எடுக்கவில்லை.

"கைய எடு, எழுதணும்."

நான் அசையவில்லை. விரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார்.

"இது... எப்பப் பட்டது?"

"கல்யாணமான மூணாம் மாசம். எண்ணெய் தெறிச்சுது. நீங்கதான் ஊதி ஊதி மருந்து போட்டு விட்டீங்க."

ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர் பேனாவைக் கீழே வைத்தார். டீயில் ஆடை படிந்தது.

"அப்ப அந்த விறகு..."

"பார்த்துக் கத்துக்கச் சொன்னீங்களே. தினமும் ரொம்பக் கிட்டக்கேயே இருந்து பார்க்கறேன்."

"இருந்தாலும் இது பெரிய செய்தி," என்றார் நப்பாசையோடு.

"தாராளமா எழுதுங்க. நாளையிலேர்ந்து நான் முழுநேரமும் வீட்டுலதான் இருப்பேன். விறகு பிளந்துக்கிட்டு."

தாளை நாலாகக் கிழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நிகழ்ச்சிதான் மறுபடியும் முதலிடம். "கட்டைவிரலில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு தெரிகிறது. உண்மையாகவே அடுப்படியில் நின்ற கை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?" இரண்டு தடவை படித்தேன். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

இயக்குநர் முதலில் என்மேல் பாய்ந்தார். நேயர்கள் பாராட்டிப் போன் செய்யத் தொடங்கியதும் குழைந்தார். இனித் தழும்பை மறைக்க வேண்டாமாம். இப்போது ஒப்பனைக்கார அக்கா தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து சிரிப்பழகியின் விரலில் ஒரு தழும்பு வரைகிறார்.

முதல் நாளே வலது கையில் வரைந்துவிட்டார்கள். டிவிக்கு முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உடனே கண்டுபிடித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கை மாறிப்போச்சு" என்றார். ஆனால் எழுதவில்லை.