பேர் போடாத ப்ளாக்

அப்ரைசல் முடிந்த மறுவாரமே ஐ.டி. ஜனங்களுக்கு எழுத்து பீறிட்டுக்கொண்டு வந்துவிடும். சுகுணாவுக்கும் அப்படித்தான் வந்தது. மாரண்டஹள்ளியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி பெங்களூர் கம்பெனி ஒன்றின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள் அவள். "வேலையெல்லாம் சூப்பர், ஆனா நீங்க இருக்கறதே வெளியில தெரியலையே" என்று மேனேஜர் ஸ்ரீநாத் அந்த முறையும் பதவி உயர்வைத் தள்ளிவைத்துவிட்டார். மாடாய் உழைத்தால் போதாதாம், உழைக்கிறதை ஊருக்கும் சொல்ல வேண்டுமாம். 

சரி, ப்ளாக் எழுதித்தான் பார்ப்போமே என்று இறங்கினாள். ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தால் அவளுக்கே கொட்டாவி வந்தது. தமிழில் ஆரம்பித்ததும் விரல் நிற்கவில்லை. அப்பா மாயவனின் தக்காளி மண்டி உதாரணமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

'கடை தெறந்திருக்கான்னு மட்டும் பாத்து வண்டிய அனுப்பாதீங்க. தராசு ரிப்பேரா இருந்தா, தெறந்த கடை வாசல்லயே தக்காளி அழுவிப் போயிரும். சர்வரும் அப்படித்தான்.'

எழுதி முடித்ததும், பேர் போடும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. ஆபீசில் யாராவது பார்த்தால் சிரிப்பார்களே, மண்டிக்காரி என்பார்களே. பேர் போடாமலே பதிவேற்றினாள். அடுத்தடுத்து எழுதியதும் அப்படியே. மாட்டிக்கொள்வோமோ என்று, வந்த கமெண்டுகளுக்குக்கூடப் பதில் போடவில்லை.

"ஊருக்குத் தெரியணும்னுதான எழுத ஆரம்பிச்ச? பேரே போடலைன்னா எவனுக்குத் தெரியும்?" என்றான் கணவன் மாதவராஜ்.

"நீங்க கம்முனு இருங்க."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியின் ஆர்டர் தளம் படுத்துவிட்டது. எல்லா சர்வரும் நன்றாக இருப்பதாகத் திரை சொல்கிறது, ஆர்டர் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வீடியோ மீட்டிங்கில் ஆளாளுக்குக் கத்தினார்கள். காரணம் இன்னதென்று சுகுணாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தௌபிக் முந்திக்கொண்டான்.

"சார், சர்வர் உசுரோட இருக்கான்னு மட்டும்தான் நாம பாக்கறோம். அதால டேட்டாபேஸோட பேச முடியுதான்னு பாக்கல. ஒரு தமிழ் ப்ளாக்ல தெளிவா போட்டிருக்காங்க."

அவன் திரையில் காட்டியது அவளுடைய தக்காளி மண்டிப் பதிவு. அதன்படியே திருத்தினார்கள், தளம் எழுந்து நின்றது.

"யாருய்யா இந்த ஆளு?" என்றார் ஸ்ரீநாத். "தேடிப் பிடிங்க அவரை. நம்ம டீமுக்கு எடுத்துடலாம்."

சுகுணாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மண்டிக்காரி என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"நான்தான் சார் அது. மண்டி எங்கப்பாவோடது."

 ஸ்ரீநாத் என்னென்னவோ சொன்னார், பதவி உயர்வு என்றுகூடச் சொன்னார். இதைக் கேட்கத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். ஆனால் அவர் முடிப்பதற்குள் தௌபிக் குறுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, நீங்களா? பழைய வேலை போயி எங்க ஊரு இண்டூர்ல வூட்டோட கெடந்தப்ப இதத்தான் படிச்சிட்டிருந்தேன். இந்த வேலைக்கு இன்டர்வியூல உங்க தராசுக் கதையத்தான் சொன்னேன். ரெண்டு தடவ தேங்க்ஸ் எழுதிப் போட்டேங்க்கா, நீங்க பதிலே போடல."

சுகுணா கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.