குதிகால் தரையில்

சிகிச்சை அறைச் சுவரில் பென்சில் கோடுகள் ஏணிப்படி போல ஏறியிருந்தன. தோள் இறுகிப்போன பெயின்டர், விரல்களாலேயே சுவரில் நடந்து தொட்ட உயரங்கள். ஏழு வாரக் கோடுகள். திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். திரும்புவதற்கு பிசியோதெரபிஸ்ட் கையெழுத்து வேண்டும்.

பிசியோதெரபிஸ்டான அவள் அன்றுதான் குனிந்து பார்த்தாள். பெயின்டரின் குதிகால்கள் அந்தரத்தில் இருந்தன.

"எத்தன நாளா அண்ணே இந்தத் திருட்டு?"

"சாரத்துல நின்னு பழகின காலும்மா. கை எட்டலேன்னா அதுவா எக்கிக்கும்."

"அப்ப இதெல்லாம் உங்க கால் போட்ட கோடு."

"எது போட்டா என்னம்மா? நீங்க கையெழுத்தப் போடுங்க."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் அப்பா மூட்டை தூக்கியவர். வலியோடு வேலைக்குப் போவதுதான் அந்த வீட்டில் வைத்தியம். இன்றைக்கும் சட்டை மாட்ட அவருக்கு ஆள் வேண்டும். அந்த வீட்டின் முதல் பட்டதாரியிடமா பொய்க் கையெழுத்து?

கோடுகளை அழித்தாள். ஏழு வாரமும் ரப்பர் தூளாய் உதிர்ந்தது.

"கண்ண மூடுங்க. குதிகால் தரையில. தோள் காதுகிட்ட ஏறக்கூடாது. இப்ப இந்தச் சுவருக்கு பெயின்ட் அடிங்க."

வெறுங்கை, அங்கே இல்லாத வாளியில் தோய்ந்தது. விளிம்பில் ஒருமுறை வழித்துக்கொண்டு மேலே போனது. மின்விசிறிச் சத்தம் எங்கோ விலகிப் போயிற்று. கொக்கியில் தொங்கிய ரப்பர் பட்டைகள் நீருக்கடியில் போல அசைந்தன. ஈரப் பெயின்ட் வாசம் வந்தது. அவள் சத்தியமே செய்வாள்.

"என்ன கலரு?"

"விடியறதுக்கு முன்னாடி இருக்குமே, அந்த நீலம். ரெண்டு கோட்டிங் அடிக்கணும்."

தோள்பட்டை எலும்பு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கை நெற்றியைத் தாண்டி, உச்சியைத் தாண்டிப் போயிற்று. குதிகால்கள் வேர்விட்டு நின்றன.

"இங்க பிடிக்குதும்மா."

கோடு போட்டாள். பழைய தடத்துக்கு நாலு விரல் கீழே. ஆனால் கை போட்ட கோடு.

சான்றிதழில் எழுதினாள்: 'சுவர் அடிக்கலாம். ஆறு வாரத்துக்கு சீலிங் கூடாது.'

"சீலிங்க யாரும்மா அடிப்பா?"

"மேஸ்திரிக்குக் கை இல்லையா? போனக் குடுங்க."

அவள் பேசினாள். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.  கடைசியில் எதிர்முனையில் மேஸ்திரி, "சரிம்மா, சுவர் மட்டும் பாக்கட்டும். திங்கக்கிழம வரச் சொல்லுங்க."

பெயின்டர் சிரித்தபடி போன பின், அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் நீலம் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள்.