தலை தீபாவளிக்குக் கொடுத்த வண்டி

பெண் சமைத்தால் அது கடமை என்கிறோம். பெண் தைத்தால் கைத்திறன் என்கிறோம். பெண் ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்து நிறுத்தினால், அது யாருடைய சொத்து? மராட்டிய ஊரான நிக்டியில் குடியிருந்த ஸ்வாமிநாதன் வீட்டில், இந்தக் கேள்விக்கு 2004ஆம் ஆண்டு தீபாவளியன்று காலையில் விடை கிடைத்தது.

மூத்த மகள் ப்ரீதிக்கு அது தலை தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியில் கீழே இறங்கி வந்த மாப்பிள்ளை பத்ரிநாத், வண்டி நிறுத்தும் இடத்தில் நின்ற சிவப்பு வண்டியைக் கண்டு அசந்து நின்றான். மகர்பட்டாவில் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயச் சங்கத்தில் வண்டி ஓட்டுபவன்.

"யாரோட வண்டி இது?"

"உங்களோடதுதான் மாப்பிள்ளை. தலை தீபாவளிச் சீர்னு வெச்சுக்கோங்கோ," என்றார் ஸ்வாமிநாதன்.

மாடிப்படியில் நின்றிருந்த இளைய மகள் ஆனந்தவல்லியின் கையிலிருந்த காபி ஆடை கட்டிப் போயிற்று. அந்த வண்டி அவளுடையது. ஹடப்சரில் பழைய இரும்புக் கடையில், துருவும் தூசியுமாகக் கிடந்த நூறு சிசி டூ-ஸ்ட்ரோக் பிணத்தைத் தன் சம்பளத்தில் வாங்கி, மூன்று ஆண்டு ஞாயிறுகளைத் தின்னக் கொடுத்து உயிர் தந்தவள் அவள். தொழிற்சாலையின் அளவை ஆய்வுப் பிரிவில் வேலை செய்பவள். தலைமயிரில் பாதிக் கனத்தையும் கணக்கில் எடுப்பவள். வரும் குளிர்காலப் பந்தயத்தில் தன் பெயரில், தன் வண்டியில் இறங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கனவு இல்லை. கேட்காமல் கொடுத்தார் தந்தை. கூசாமல் வாங்கினான் மாப்பிள்ளை.

அப்போதும் அவள் வண்டிக்கு நியாயம் செய்தாள். "அத்திம்பேர், இதுல இருக்கற பாரல், பிஸ்டன் ஓடற குழாய், தேஞ்சு போனது. ஒரு மில்லிமீட்டர் பெருசாக் கடைஞ்சு போட்டிருக்கேன். ரோட்டுல ஓட்ட நன்னா இருக்கும். பந்தயத்துக்கு எடுத்துண்டு போனா நூறு சிசி வரம்பைத் தாண்டிடும். அதுக்குன்னு ஸ்டாண்டர்ட் பாரல் ஒண்ணு தனியா வெச்சிருக்கேன். மாத்தித் தரட்டுமா?"

பத்ரிநாத் சிரித்தான். "துடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கே. அதுக்குத் தேங்க்ஸ். எஞ்சின் விஷயத்தை ஆம்பளைகள் நாங்க பாத்துக்கறோம்."

பழந்துணியில் சுற்றிய அந்தப் பாரல் அவள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

மாதம் ஒன்று போனபின் ப்ரீதி தொலைபேசியில் கிசுகிசுத்தாள்: "வல்லி, வண்டியை அவரே செஞ்சதா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கார். பந்தயத்துலயும் அப்படியே பேர் குடுத்திருக்காராம். நீ ஒண்ணும் சொல்லிடாதேடி, ப்ளீஸ்."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றாள் ஆனந்தவல்லி. "அவரே சொல்லட்டும்."

பந்தயச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு அறிவித்ததும், கோட்டைக் கடந்த எவரும் கை தூக்கி, எந்த வண்டியின் எஞ்சினையும் எல்லோர் முன்னிலையிலும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். முதலில் வந்தவனுக்கு உள்ள அந்த உரிமை, கடைசியில் வந்தவளுக்கும் உண்டு.

ஆனந்தவல்லி, உடன் வேலை செய்யும் மேரியிடம், அவள் அண்ணன் ஓட்டிக் கழித்த வண்டியை இரவல் கேட்டாள். மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல நீ ஜெயிக்கவா போற? பக்கத்துல நடந்து போறவன் முந்திடுவான்."

"ஜெயிக்கப் போகலை மேரி. கை தூக்கப் போறேன்."

ஹடப்சரைத் தாண்டிய பொட்டல் வெளியில் டயர்களை அடுக்கித் தடம் அமைத்திருந்தார்கள். வண்டியைச் செய்தவரும் ஓட்டுபவரும் ஒருவரே, பத்ரிநாத் என்று ஒலிபெருக்கி முழங்கியது. கொடி விழுந்தது. சிவப்பு வண்டி வளைவுகளில் சாய்ந்த அழகைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஓட்டினாள் ஆனந்தவல்லி. எஞ்சினில் அவள் தேய்த்த துளைகள் மூச்சு விட்டன. அவள் வளைத்த சைலன்சர் பாடியது. வெற்றி மட்டும் வேறொருவன் கழுத்தில் மாலையாக விழுந்தது. அவள் புகை கக்கியபடி கடைசியாக வந்து சேர்ந்தபோது கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, சிவப்பு வண்டியைக் காட்டிக் கை தூக்கினாள்.

நன்றி சொல்ல மைக்கைப் பிடித்திருந்த பத்ரிநாத் அதைக் கையால் பொத்திக்கொண்டு அருகில் வந்தான். "என்ன விளையாட்டு இது? ஆத்துல போய்ப் பேசிக்கலாம்."

"ஆத்துல பேசியாச்சு அத்திம்பேர். நீங்கதான் காது குடுக்கலை."

சங்கத்தின் பரிசோதகர் தேஷ்முக் ஸ்பானரை எடுத்தார். தான் பூட்டிய போல்டுகளை அந்நியக் கை திறப்பதை அவள் முகம் திருப்பாமல் பார்த்தாள். பாரலைக் கழற்றி, உட்புறம் அளந்து, கணக்குப் போட்டு நிமிர்ந்தார் தேஷ்முக்.

"நூற்றிரண்டு சிசி. எஞ்சினைச் செய்தது யார்?" என்று இந்தியில் கேட்டார். "நீதான் என்றால் இது தெரிந்தே செய்த மோசடி, இனி எந்தப் பந்தயத்திலும் உனக்கு இடமில்லை. வேறு யாரோ என்றால், இந்தப் பரிசு மட்டும் போகும்."

பொய்யைக் காப்பாற்றினால் பந்தயம் போகும். பந்தயத்தைக் காப்பாற்றினால் பொய் போகும். பொத்தியிருந்த கை மைக்கிலிருந்து நழுவியதைப் பத்ரிநாத் கவனிக்கவில்லை.

"நான் செய்யவில்லை. எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் மனைவியின் தங்கைதான் முழுவதும் செய்தாள்."

மைதானம் முழுக்கக் கேட்டது. சற்றுமுன் அவளைப் பார்த்துச் சிரித்த கூட்டம் இப்போது அவன் பக்கம் திரும்பிக்கொண்டது. தேஷ்முக் அவளிடம் கேட்டார்: "அளவு மீறியது தெரிந்துதான் செய்தாயா?"

"ரோட்டுக்காகச் செய்தேன் சார். பந்தயத்துக்கு வேறு பாரல் இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். ஆண்கள் பார்த்துக்கொள்வோம் என்றார்."

கழற்றிய பாகங்களைத் தட்டில் போட்டு உரியவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார் தேஷ்முக். தட்டை ஏந்தி நின்ற பத்ரிநாத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது. "பூட்டிக் குடுத்துடு வல்லி. எப்படி எடுத்துண்டு போவேன்?"

"எஞ்சின் விஷயமாச்சே அத்திம்பேர். ஆம்பளைகள் பாத்துக்குங்கோ."

அவன் ஆட்டோவில் சாக்குமூட்டையோடு வீடு போன செய்தி, அவள் நிக்டி சேர்வதற்குள் ஸ்வாமிநாதன் காதுக்கு எட்டியிருந்தது. அவர் வாசலிலேயே மறித்தார்.

"மாப்பிள்ளைக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கறது நம்மாத்து வழக்கமா?"

"வாங்கலையேப்பா. பிரிச்சுக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்த பாரலை எடுத்துப் பையில் வைத்தாள். பத்ரிநாத் எப்படியும் அடுத்த பந்தயத்துக்கு வேறொரு வண்டியில் வருவான். வரட்டும், தடத்தில் அவனை முந்த அதுதான் அவளுக்கும் வேண்டும். அடுத்த ஞாயிறு, அவள் 'பாவூ' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஹடப்சர் இரும்புக் கடைக்காரரின் மேசையில் பழந்துணியைப் பிரித்துப் பாரலை வைத்தாள்.

"இது பொருந்தற மாதிரி செத்த வண்டி ஏதாவது இருக்கா, பாவூ?"