இரண்டு கிளாம்ப்

அன்று காலை நூலக முற்றத்தில் இருந்தவர்கள்: பணி ஓய்வு பெறும் நூலகர், அவர் மனைவி, உடன் வேலை பார்த்த பதினோரு பேர், ஒரு புகைப்படக்காரர், மேடை போட வந்த பெரியவர், அவருடைய மருமகன். வேறு யாரும் இல்லை. பிறகு கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஏராளம்.

ஆறு பலகை மேடைதான் பேசியிருந்தது. வந்து இறங்கிய பிறகு, எல்லோரும் ஏறி நின்று படம் எடுக்க வேண்டும், இன்னும் இரண்டு பலகை கிடைக்குமா என்று கேட்டார்கள். முடியாது என்ற சொல் பெரியவர் குடும்பத்தில் யார் வாயிலும் வந்ததில்லை. வேனில் பலகைகள் இருந்தன. அவற்றுக்கான கால்களும் இருந்தன. பலகையோடு பலகையை அடியில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்தான் இரண்டு குறைந்தது.

மருமகன் மேடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "மாமா, ரெண்டு கிளாம்ப் பத்தலை. கடைக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன். அரை மணி நேரம்."

நூலகத்து ஆட்கள் சிலர் காதில் விழும் தூரத்தில் நின்றிருந்தார்கள். பெரியவருக்குக் காது சிவந்தது.

"ஊருக்கே கேக்கற மாதிரி கத்தணுமா மாப்ள? நான் மேடை போட ஆரம்பிச்சப்ப நீங்க தவழ்ந்துட்டு இருந்தீங்க. கம்பளத்த விரிங்க."

"தவழும்போதும் கீழ பாத்துத்தான் மாமா தவழ்ந்திருப்பேன்" என்று சிரித்தான். ஆனால் விரித்தான்.

படத்துக்காக எல்லோரும் நூலகரை நெருக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியபோது கடைசிப் பலகை விலகியது. இடைவெளியில் நூலகரின் கால் இறங்கிற்று. தலை பலகையின் இரும்பு விளிம்பில் அடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

விழுந்த அன்றே நூலகத்தார் கேட்டபோது பெரியவரின் வாய் முந்திக்கொண்டது. "கிளாம்ப் மாப்பிள்ளைதான் மாட்டினார். கவனிக்கலை போல." அவ்வளவுதான் சொன்னார். ஊர் அதற்குக் கைகால் வைத்தது. போனில் பேசிக்கொண்டே மாட்டினானாம், காலையிலேயே குடித்திருந்தானாம். காவல் நிலையத்துக்கு மாலை வரச் சொல்லி மருமகனுக்கு ஆள் வந்தது. கறை விழுந்தாலும் வேறு வீட்டுப் பிள்ளையின் பெயரில்தானே விழுகிறது என்று பெரியவர் நினைத்தார். நினைத்த பிறகு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துக் கையைக் கழுவினார்.

மருமகன் கொல்லையில் அந்தப் பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மகள் வந்து பெரியவர் எதிரே நின்றாள்.

"அவர்கிட்ட கேட்டேன்பா. ஒரு வார்த்தை பேசலை. அவர் மேல தப்பு இருந்தா மொத ஆளா ஒத்துக்கிட்டிருப்பார். யாருக்காகப்பா வாயைப் பூட்டிட்டு இருக்கார்?"

பெரியவர் சலவைச் சட்டையை எடுத்து, கழுத்துப் பித்தான் வரை மாட்டிக்கொண்டு, நூலகர் வீட்டுக்கு நடந்தார். கூடம் நிறைய ஆட்கள்.

"கிளாம்ப் குறையுதுன்னு மாப்பிள்ளை சொன்னார். எடுக்கப் போனவரைத் தடுத்தது நான். இங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்."

நூலகரின் மனைவி கேட்டார்.

"எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"அரை மணி."

"நாங்க காத்திருந்திருப்போமே."

பெரியவர் அந்த அம்மாளின் காலில் விழுந்து கதறினார் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். விழவில்லை. கதறவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார், யாரும் உட்காரச் சொல்லவில்லை.