சும்மா நிற்பது

தையற்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். அன்று அது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தங்கையின் ஆள்காட்டி விரலில் மிஷின் ஊசி நகத்தோடு சேர்ந்து இறங்கி ஒடிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டே மடிப்பு அடிக்கிறவளுக்கு வருகிற காயமா அது?

காரணமானவன் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றான். எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு தங்கையையே பார்ப்பான். கிட்டே வரமாட்டான், வாயைத் திறக்கமாட்டான். கடை திறந்தால் வருவான், மூடும்வரை நிற்பான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட வெளிச்சம் வேண்டும் என்று மிஷினை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். தங்கை பயந்துபோய் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் அவன் நிற்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே தைத்தாள். விரல் போயிற்று.

"நாளையிலிருந்து நான் வரலக்கா" என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் அக்காளுக்குப் பொறுக்கவில்லை. இருவரும் சேர்ந்து மிதித்து மிதித்து உண்டாக்கிய கடை அது.

தங்கையை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனாள். மேசையில் இருந்த போலீஸ்காரர் தெரிந்தவர்தான். தொப்பை பெருத்ததும் அவர் கால்சட்டையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்ததே இவள்தான்.

"தொட்டானா?"

"இல்ல."

"அசிங்கமா ஏதாச்சும் பேசினானா?"

"பாக்குறான் சார். நாள் பூரா பாக்குறான்."

"பாக்குறதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமாம்மா? தெரு எல்லாருக்கும் பொது. சும்மா நிக்கிறவனை நான் என்ன பண்றது? ஏதாவது பண்ணினா வந்து சொல்லுங்க."

பண்ணின பிறகு யார் வந்து சொல்வது? பிணமா?  

வெளியே வந்தவள் கடைக்குத் திரும்பவில்லை. அவர் மேசைக்கு நேரே, ஜன்னலுக்கு வெளியே நடைபாதையில் நின்றாள். தோளில் தொங்கிய அளவு நாடாவை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தோள், நெஞ்சு, கழுத்து. மறுபடியும் கழுத்து.

முதலில் அவர் சிரித்தார். பிறகு குனிந்து எழுதினார், எழுதியதை அடித்தார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். திருப்பிய பிறகு முதுகு கூசியது போலும், திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் நாற்காலி சாய எழுந்து வெளியே பாய்ந்து வந்தார்.

"என்னம்மா, மிரட்டுறியா?"

அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தனை வேலை பாக்க விடாம... பிடிச்சு உள்ள தள்ளிடுவேன்! கேஸ் போட்டுடுவேன், தெரியுமா?"

"நான் உங்களைத் தொட்டேனா?"

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அசிங்கமா ஏதாச்சும் பேசினேனா? சும்மாதானே நின்னேன்?"

அவர் கை தானாகக் காலருக்குப் போயிற்று.

"என் மேல என்ன கேஸ் போடுவீங்களோ, அதையே எழுதுங்க சார். பேரை மட்டும் அவன் பேரா போடுங்க. வாங்க, ஆளைக் காட்டுறேன். என் தங்கச்சி அங்க தனியா இருக்கா."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். கடை வரைக்கும் அவர் கை காலரை விட்டு இறங்கவில்லை.