தலைமுழுகிய நீர்

நீரேற்று நிலையத்தின் கம்பிச் சல்லடையில் முதன்முதலாகச் சிக்கிய உறவினர், பல் வைத்தியர் ஒருவரின் மைத்துனர். தலையணை அளவில், சோப்புக் கட்டிபோல வெள்ளையாக, வழவழவென்று இருந்தார். சல்லடையில் குப்பை வாருகிறவர் கொக்கியால் இழுத்தபோது, "மாமா, சாவி என்கிட்ட இல்ல மாமா" என்றார். முந்தைய நாள் காலையில்தான் பல் வைத்தியர், "அவன் சங்காத்தமே வேண்டாம், தலைமுழுகிட்டேன்" என்று வீடு அதிரக் கத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அந்த மாதமே இன்னும் பதினொரு பேர் வந்து சேர்ந்தார்கள். கைவிடப்பட்ட நேரத்தில் சொல்ல வாயெடுத்த ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு கட்டியும் திரும்பத் திரும்பச் சொன்னது. கட்டிக்கு உரிய ஆட்கள் வேறு ஊர்களில் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தார்கள், தலைமுடி மட்டும் எத்தனை துவட்டினாலும் காயவில்லையாம். இரண்டு பம்புகள் அடைத்துக்கொண்டு எரிந்துபோயின.

கழிவுநீர் ஆய்வாளருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். சாக்கடையில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும்: எண்ணெய் கூடாது, அமிலம் கூடாது, துணி, முடி கூடாது, நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடு கூடாது. மைத்துனரைச் சோதித்தார். அமிலம் இல்லை, எண்ணெய் இல்லை, சூடு முப்பத்தேழு. எல்லாம் வரம்புக்குள் இருந்தது. ஏற்கெனவே இருந்த தலைவலி போதாதென்று அவரே உட்கார்ந்து பதினான்கு அ என்ற விதியை எழுதினார். உறவைத் தலைமுழுகிய நீரைப் பொதுச் சாக்கடையில் விடலாகாது, விட்டவர் ஏழு நாளுக்குள் கட்டியைத் திரும்பப் பெற்றுத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கீழே, "முழுகுமுன் படிவம் நிரப்புக" என்று ஒரு வரி சேர்த்தது அவர் செய்த பிழை. சும்மா தலைக்குக் குளிப்பவர்களெல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு பெண், "சார், நான் மூணு மாசமா முழுகாம இருக்கேன், எனக்கும் படிவம் உண்டா?" என்று கேட்டாள். "நல்லபடியா பெத்துக்கம்மா, அதுக்கு வேற ஆபீஸ்" என்று அனுப்பிவைத்தார். பிறகு ஊர் பழகிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் குளியலறையில் கட்டிக்கென்று ஒரு மூலை ஒதுக்கினார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பை வாருகிறவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இது உங்க தம்பி குரல் மாதிரி இருக்கு."

தம்பி முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தான். விதி வருவதற்கு ஒரு வருடம் முன்பு, அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு, அமிலத் தொட்டியை அப்படியே சாக்கடையில் திறந்துவிட்டான். அப்போது கீழே சல்லடையில் கை வைத்திருந்தவர் இதே குப்பை வாருகிறவர்தான். இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோயின. ஆய்வாளர் தானே போய்ப் பட்டறைக்குச் சீல் வைத்தார். வாசலில் நின்று என்னவோ சொல்ல வந்தவனைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அந்தத் தண்ணீர் நாலு வருடமாக எந்தக் குழாய் முடுக்கில் தேங்கிக் கிடந்ததோ.

கட்டி, "அண்ணே, ஒரு நிமிஷம் கேளுண்ணே" என்றது. தழும்பேறிய கைகளால் அதை வாளியில் இறக்கிவைத்த மனிதர் ஆய்வாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வாளர் தன் பெயருக்கே ஒரு நோட்டீஸ் எழுதி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வாளியோடு வீட்டுக்குப் போனார்.

ஆறு நாள் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பல் துலக்கும்போது கேட்டது, சவரம் செய்யும்போது கேட்டது. "என்னதான் சொல்றான்னு கேளுங்களேன், எனக்குக் காது புளிச்சுப்போச்சு" என்றாள் மனைவி. சாக்குப்போக்குச் சொல்வான், தன் மனசும் இளகிவிடும் என்பதுதான் அவருடைய பயம். அந்த வெந்த கைகளுக்குத் துரோகம் செய்ய அவருக்கு விருப்பமில்லை. ஏழாம் நாள் அலுத்துப்போய் வாளியின் பக்கத்தில் குந்தினார்.

"சொல்லித் தொலைடா."

"தெரிஞ்சேதான் திறந்துவிட்டேண்ணே. அவரு கை எப்படி இருக்கு?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் அப்படியேதான் இருந்தது, அந்தக் கோபமும் சேர்ந்து அழுதது. வாளியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். கட்டி அங்கேயும் அதையே கேட்டது, குப்பை வாருகிறவர் நின்று காதுகொடுத்தார். பிறகு இரண்டு கையையும் வாளிக்குள் விட்டு, "குளிர்காலத்துல எரியும். விரல் ரெண்டு மடங்காது. மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல, கேட்டதுக்குப் பதில் சொல்றேன்" என்றார். அவர் கையை எடுத்தபோது வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஆய்வாளர் பழக்க தோஷத்தில் அதையும் சோதித்தார். எல்லாம் வரம்புக்குள் இருந்தது. இருந்தாலும் சாக்கடையில் ஊற்ற மனமில்லாமல் வாளியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் தம்பி வந்தான். வெளியே சுள்ளென்று வெயில், அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கை வெந்தவரைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று வாசலிலேயே சொன்னான். "போகலாம், இரு" என்றார் ஆய்வாளர், சட்டையை மாட்டிக்கொண்டே. மனைவி துண்டை எடுத்து நீட்டினாள். அவன் துவட்டினான், தலை காய்ந்தது.